மாங்கொட்டைக்கு முறை வைத்த வீடு

நான் யாரைப் பத்தியும் குத்தம் சொல்றவ இல்லீங்க. இந்த வீதியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, வசந்தாமணி உண்டு, அவ ஊடு உண்டுன்னு இருக்கறவன்னுதான் சொல்லுவாங்க. ஆனா நீங்க தேடி வந்து கேக்கறீங்க. பொண்ணு எடுக்கறதுக்கு முன்னால அக்கம்பக்கம் விசாரிக்கறது ஒலக வழக்கம்தானே. கேட்ட பொறவு மறைச்சா அந்தப் பாவம் என்னைத்தானுங்க சேரும்.

உக்காருங்க. அந்தச் சோபா வேண்டாம், அதுக்கு இன்னும் பிளாஸ்டிக் கவரே பிரிக்கல, வழுக்கும். வாங்கி ரெண்டு வருசமாச்சு, பிரிச்சா அழுக்காயிருமில்ல? இந்தச் சேர்ல உக்காருங்க. மாப்பிள்ளைக்கு அத்தைங்களா? தாராபுரத்துலிருந்து பஸ்சுலயா வந்தீங்க? மில்லுக்காரங்கன்னீங்க, காரு இருக்குமே. சரி, ஒரு ஆளுக்கு எதுக்குக் காருன்னு வந்திருப்பீங்க. காப்பி குடிங்க. பிஸ்கோத்து எடுத்துக்குங்க. பையில வெச்சுக்கறீங்களா? வெச்சுக்குங்க, பரவாயில்ல, எங்கூட்டுல திங்க ஆளில்ல.

எதிர் ஊட்டைத்தானுங்களே கேக்கறீங்க? பச்சைக் கதவு. கூட்டுறவுச் சங்கத்துல கணக்கு எழுதற சென்னியப்பன் ஊடு. பொண்டாட்டி செல்வநாயகி, நாங்க நாயகின்னுதான் கூப்புடறது. ஒரே பொண்ணு மேகலா, ரத்தம் சோதிக்கற லேப்புல வேலை. மூணே பேரு. நீங்க சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இந்த ஜன்னலைப் பாருங்க. இங்க ஒரு சேரைப் போட்டு உக்காந்தா அவங்க மாடிப்படி, அடுப்படி, பின்னால துணி காயற எடம் எல்லாமே தெரியும். நான் பாக்கறதில்லீங்க. தெரியுது, என்ன பண்றது?

முதல்ல அந்தக் கண்றாவியைச் சொல்லிப்போடறேன். தோலு. பீர்க்கங்காய்த் தோல்ல தொவையல் அரைக்கறது ஊருல உள்ளதுதான், அதை விடுங்க. இவீங்க ஊட்டுல வாழைக்காய்த் தோல்ல பொரியல். ஆரஞ்சுத் தோல்ல கொழம்பு. பச்சைப் பட்டாணி உரிச்சா அந்தத் தொலியையும் நாரெடுத்துப்போட்டுக் கூட்டு. தர்பூசணி வாங்குனா செவப்பை ஒருநாள் திங்கறது. அடுத்த நாள் அந்த வெள்ளை இருக்குது பாருங்க, நாம மாட்டுக்குப் போடறது, அதைச் சீவி, பாசிப்பருப்புப் போட்டு, தேங்காயும் சீரகமும் பச்சமொளகாயும் அரைச்சு ஊத்தி, கடைசியில தேங்காயெண்ணெயில கருவேப்பிலை தாளிச்சு... சீ! நெனைச்சாலே கொமட்டுதுங்க.

என்ன கேட்டீங்க? பருப்பை முன்னாலயே வேக வெக்கோணுமா, காயோடயேவான்னா? முன்னாலயே வெச்சுரோணும், முக்காப் பதம். காயே தண்ணி விடும், அதனால தண்ணி சேக்கவே கூடாது. உப்பு கடைசியில. எனக்கு எப்படித் தெரியுமா? வாசம் வருதில்லீங்க, அதை வெச்சே தெரிஞ்சுபோயிரும். அதுவுமில்லாம நாயகி அன்னிக்கு ஒரு கிண்ணத்துல கொண்டாந்து நீட்டுனா. "அக்கா, சாப்ட்டுப் பாத்து இது என்ன காய்னு சொல்லுங்க பாக்கலாம்"னு ஒரு சிரிப்பு வேற. மாட்டுத்தீனியைக் குடுத்துப்போட்டு விடுகதை போடறாளுங்க! கொட்டறதுக்குத்தான் கொண்டு போனேன். அன்னத்தைக் கொட்டக்கூடாதில்ல? சாப்ட்டேன். பூராவும் சாப்ட்டாத்தானே கிண்ணத்தைக் கழுவ முடியும்?

வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாத் திருப்பக் கூடாது. ஈரோட்டுல பெரிய கடையில வாங்குன நெய் மைசூர்பாகு இருந்துது. கிண்ணம் நெறைய வெச்சுக் குடுத்தனுங்க. வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுனாங்கங்கறீங்க? நம்மளாட்டம் தின்னுப்போட்டுக் கையைக் கழுவுனாங்களா? இல்ல. தெனம் ஆளுக்கு ஒரு துண்டு. கத்தியில சீவின துண்டு, அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியும். அதை வாயில போட்டுட்டு சென்னியப்பன் கண்ணை மூடிக்குவாரு. மூடிக்கிட்டு, "கரையட்டும், பேசாதீங்க"ம்பாரு. ஒரு ஆம்பளை! நரைச்ச மீசையை வெச்சுக்கிட்டு! வாரம் பூரா அந்த மைசூர்பாகை வெச்சுக் கொண்டாடுனாங்க. அதே மைசூர்பாகு எங்கூட்டுப் பிரிட்ஜுலயும் ஒரு பெட்டி கெடந்துது. யாரு தொட்டா? காஞ்சு கல்லாப்போயி குப்பைக்குப் போச்சு. அதுதானுங்க வசதிங்கறது. வேண்டாம்னாத் தூக்கிப்போட முடியோணும்.

மாம்பழத்தைச் சொல்லலையே. மாம்பழ சீசன்ல அந்த ஊட்டைப் பாக்கோணும் நீங்க. வேண்டாம், பாக்க வேண்டாம், சாப்பாடே எறங்காது. தெனமும் ஒரு பழம். மூணு பேருக்கு ஒரே பழம். கன்னத்தை ரெண்டையும் வெட்டிப் பங்கு வெச்சுப்போட்டு, கொட்டை இருக்குது பாருங்க, அதுக்கு முறை வெச்சிருக்காங்க. இன்னிக்குக் கொட்டை அப்பனுக்குன்னா நாளைக்கு ஆத்தாளுக்கு, மறுநாள் மகளுக்கு. முறையிருக்கறவங்க படியில உக்காந்து சப்புவாங்க. சாறு முழங்கை வரைக்கும் ஒழுகும். அதை நக்கறது வேற. தூ! மத்த ரெண்டு பேரும் என்ன பண்ணுவாங்கங்கறீங்க? பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "இன்னிக்குக் கொட்டை சின்னது, நீ ஏமாந்துட்டே"ன்னு கேலி. ஒருக்கா நாயகி தன் முறையை மகளுக்கு விட்டுக் குடுத்தா. மேகலா வாங்கலையே! "முறைன்னா முறைதான், நீதான் சப்போணும்"னு ஆத்தா வாயில திணிக்கறா. படிச்ச பொண்ணுங்க அது. லேப்புல கையில ஒறை மாட்டிக்கிட்டு வேலை செய்யற பொண்ணு.

அவருகிட்டக் கேட்டேன் ஒருநாள், சென்னியப்பன்கிட்ட. "ஏனுங்க, ஆளுக்கொரு பழமா வாங்கக் கூடாதுங்களா? மாம்பழம் என்ன மலையேறியா போச்சு?"ன்னேன். சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, "ஆளுக்கொண்ணு வாங்குனா ஆளுக்கொரு மூலையில தின்னுருவோம்ங்க, வெளையாட்டுப் போயிரும்"னு. போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்துன்னு ஒரு பழமொழி வேற எடுத்து விட்டாரு. அதெல்லாம் காலண்டர் தாள்ல போடறதுங்க. அதை நம்பி யாராச்சும் குடும்பம் நடத்துவாங்களா?

ஏன் சிரிக்கிறீங்க? நான் வயிறெரிஞ்சு சொல்லிட்டிருக்கறேன்.

துண்டுக் கதையைக் கேளுங்க. துண்டு பழசானா அது கைத்துணி. கைத்துணி நைஞ்சா கரித்துணி. கரித்துணியும் போச்சுன்னா, நாலஞ்சைச் சேத்துத் தைச்சு மிதியடி. வாசல்ல கெடக்குது பாருங்க, அந்த மிதியடியைக் காமிச்சு மேகலா என்கிட்டச் சொல்றா, "பெரியம்மா, இந்த ஓரம் எங்கப்பாவோட கல்யாணத் துண்டுங்க"ன்னு. கால் வெக்கவே எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. சோப்புக் கரைஞ்சு சில்லாயிட்டாப் புது சோப்பு மேல ஒட்டிக்கறது. பால் கவரைக் கழுவி அந்தத் தண்ணியைச் செடிக்கு. சனிக்கிழமை பொழுதோட ஒரு பொட்டலம் வறுத்த கடலைக்காய். அதையும் ஊட்டுக்குள்ள உக்காந்து திங்கமாட்டாங்க. மாடிப்படியில படிக்கு ஒருத்தரா உக்காந்து, மேல்படிக்காரங்க உரிச்சுக் கீழ்ப்படிக்காரங்களுக்குக் குடுக்கோணும். இப்பிடி ஒரு சட்டம். மழை வந்தா டிவியை நிறுத்திப்போடுவாங்க. தகரத்துல மழை விழுகற சத்தம் கேக்கோணுமாமா. காசு குடுத்து வாங்குன டிவியை நிறுத்திப்போட்டு ஓசி மழையைக் கேக்கறாங்க!

ஓசின்னதும் ஞாபகம் வருது. எங்க ஏசித் தண்ணி. இந்த ஏசியிலிருந்து குழாய் வெளிய சந்துல சொட்டும். ஒருநாள் பாத்தா அதுக்கடியில ஒரு பக்கெட்டு! என்ன நாயகி இதுன்னு கேட்டா, "வீணாத்தானுங்கக்கா போகுது, செடிக்கு ஆகும்"ங்கறா. எங்க ஏசி, எங்க கரண்டு, தண்ணி அவளுக்கு. அந்தத் தண்ணியிலதான் அங்க மல்லிகை அப்பிடிப் பூத்துக் கெடக்குது. தெனம் ஒரு மொழம் கட்டி எனக்கும் ஒரு கண்ணி குடுத்துவிடறா. என்ற தண்ணிக்கு என்ற பூவைக் கூலி குடுக்கறாளுங்க. என்னதுங்க? இப்பவும் ஏசி ஓடுதா? ஓடுது. மார்கழின்னா என்ன, காத்துச் சுத்தமா இருக்கோணுமில்ல? ராத்திரி பகலா ஓடும். குளுருதுன்னா அந்தச் சால்வையைப் போத்திக்குங்க.

எங்கூட்டுக்காரரா? மஞ்ச மண்டிக்குப் போயிருக்காரு. வருவாரு, வட்டல்ல சோத்தைப் போட்டு எடுத்துக்கிட்டு டிவி முன்னால போயிருவாரு. நான் அடுப்படியில நின்னபடிக்கே ரெண்டு வாய் போட்டுக்குவேன். எங்களுக்குள்ள ஒரு தகராறு கெடையாது. பேசினாத்தானே தகராறு? பையன் தீபன் சிங்கப்பூர்ல. ஞாயித்துக்கிழமை ஆனா போன் வந்துரும். "சாப்ட்டீங்களாம்மா"ம்பான், "சாப்ட்டேன்"பேன், "சரிம்மா"ம்பான். தங்கமான பையன். அந்த எதிர் ஊட்டுல பாருங்க, சென்னியப்பன் சங்கத்துல மீட்டிங்குன்னு வரத் தாமசமானா, ஆத்தாளும் மகளும் வட்டலைக் கவுத்து வெச்சுட்டு வாசலைப் பாத்து உக்காந்திருக்கும். பசிச்சாத் திங்க வேண்டியதுதானே? கேட்டா, "அவரு வந்தாத்தானுங்கக்கா ரசம் ருசிக்குது"ங்கறா நாயகி. ரசத்துக்குப் புளி போட்டாளா புருசனைப் போட்டாளான்னு தெரியலீங்க.

சரி, இவ்வளவும் சொல்லிப்போட்டேன். முக்கியமானதைச் சொல்லாம விட்டா நீங்க நாளைக்கு என்னைத்தான் ஏசுவீங்க. இவீங்களுக்குத் திமிரு. ஏழைத் திமிரு. வலிய வந்த சீதேவியைக் காலால எத்துன கூட்டம் இது.

மேகலாவுக்கு அப்பத்தான் பேச்சு வந்த புதுசு. என்னைப் பாத்து "அத்தை"ன்னுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அவீங்களும் நாங்களும் ஒரே சாதிசனம், குலம் கூட்டம் வேற, பொண்ணு கொண்டு குடுக்கலாம். இன்னிக்கு அத்தைம்பாங்க, நாளைக்கு எங்க பொண்ணுக்கு உம்மட பையன்தான் முறைன்னு வந்து நிப்பாங்க. இல்லாதவங்க இல்லீங்களா? எங்க தீபனுக்கு எப்பேர்ப்பட்ட எடமெல்லாம் வரும்? மொளையிலயே கிள்ளோணும்னு, "அத்தையில்ல கண்ணு, பெரியம்மா சொல்லு"ன்னு பழக்குனேன். பெரியம்மான்னாத்தான் மிட்டாய். தீபனை அண்ணன்னு கூப்புடச் சொன்னேன். புத்தியாத்தானுங்களே செஞ்சேன்? நாயகிக்கு விசயம் புரிஞ்சுதான் இருக்கோணும். மூஞ்சி ஒரு கணம் சுருங்குச்சு. அப்புறம் புள்ளையைத் தூக்கி, "பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு"ன்னுட்டுப் போயிட்டா. அன்னிக்கிருந்து பெரியம்மாதான். பரீட்சைக்குப் போனா பெரியம்மாகிட்டத் திருநீறு. வேலை கெடைச்சதும் முதல்ல இங்கதான் ஓடியாந்தா, மூச்சு வாங்க வாங்க. எனக்கு அம்மை போட்டப்ப வேப்பங்கொழையை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நானா கூப்ட்டேன்? அவளா வந்தா.

போன தையில நானே போய்க் கேட்டனுங்க. நானே! தட்டு எடுத்துட்டுப் போகல, சும்மா வாய்வார்த்தைதான். தீபனுக்கு வந்த எடமெல்லாம் எனக்குப் புடிக்கல. எல்லாம் நம்மளாட்டமே பெரிய ஊடு. ஊட்டுல ஒரு சத்தம் கேட்டா நல்லாருக்கும்னு எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அவரு எங்க சொன்னாரு, நான்தான் நெனைச்சேன். நகை வேண்டாம், சீர் வேண்டாம், பொண்ணை மட்டும் அனுப்புங்கன்னேன். வேற யாரா இருந்தாலும் கால்ல விழுந்திருப்பாங்க. இவ மோரு குடுத்தா. வெள்ளரிக்காய்த் தோலைத் தட்டிப் போட்ட மோரு! "கேட்டுச் சொல்றனுங்கக்கா"ன்னா.

மறுநாள் வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. தீபனை அண்ணன் அண்ணன்னே கூப்ட்டு வளந்துட்டா, மனசு ஒப்பலைங்கறா. நீங்க அவளுக்குப் பெரியம்மாவாவே இருங்கக்கா"ன்னா. நான் வெச்ச முறையை எனக்கே திருப்பி நீட்டறா பாருங்க. என்ன ஒரு நெஞ்சழுத்தம்!

அது சாக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா? அன்னிக்குப் பொழுதோட ஆத்தாளும் மகளும் படியில உக்காந்து கீரை ஆஞ்சுட்டிருந்தாங்க. நான் ஜன்னலைத் தொடைச்சுட்டிருந்தேன். காதுல விழுந்துருச்சு. மேகலா சொல்றா, "பெரியம்மா நல்லவங்கம்மா. ஆனா அந்த ஊட்டுல யாரும் யாருக்காகவும் காத்திருக்கறதில்ல. எனக்கு அங்க பசிக்காதும்மா"ன்னு.

பசிக்காதாமா! எங்கூட்டுல பசிக்காதாமா! தெனமும் மூணு காய், மீன், கறி, பிரிட்ஜைத் தொறந்தா மேல விழுகுது. சூடு பண்ண மெசின் இருக்குது. எதுக்குக் காத்திருக்கோணும்? அவங்கவங்களுக்குப் பசிக்கறப்ப அவங்கவங்க திங்கறதுதானுங்களே நாகரிகம்? தோலைத் திங்கற நாக்குக்கு எங்கூட்டுச் சோத்துல பசிக்காதாமா! அன்னிக்கு எனக்கு ஒரு வாய் எறங்கல. ஆத்தரத்துலதான். வேற எதுனால?

அன்னிக்கிருந்து அந்த ஊட்டுப் பக்கம் நான் தலை வெச்சும் படுக்கறதில்லீங்க, திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. நேத்துக்கூட முள்ளங்கித் தழையில பொரியல். சென்னியப்பன் ரெண்டாவது வாட்டி சோறு போட்டுக்கிட்டாரு.

இவ்வளவுதானுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லிப்போட்டேன். உங்க மில்லுக்கும் அந்தஸ்துக்கும் இந்த ஊடு சரிப்படாது. வேற எடம் பாருங்க.

என்னதுங்க?

நாயகி அனுப்புனாளா? உங்களை? இங்கயா?

நீங்களா விசாரிக்க வந்தீங்கன்னுல்ல நெனைச்சேன். என்ன சொன்னா? அப்பிடியே சொல்லுங்க. "எங்க பொண்ணைப் பத்தி எங்களைக் கேக்காதீங்க, எதிர் ஊட்டு அக்காவைக் கேளுங்க. அவளுக்குப் பெரியம்மா அவங்க. அவங்க சொன்னாச் சரி, அவங்க சரின்னாத்தான் நாங்களும் சரி"ன்னாளா? அவ வாயாலயா? நான் பொண்ணு கேட்டு அவ இல்லைன்னு சொன்ன பொறவுமா?

பாத்தீங்களா, இவளுக்குப் புத்தியே கெடையாது. நான் வாயைத் தொறந்தா என்ன சொல்லுவேன்னு தெரியாதா அவளுக்கு? கூடப்பொறந்த அக்காளாட்டம் ஒருத்தியைக்கூட ஒரு செலவுமில்லாம எதிர் ஊட்டுலயே புடிச்சுக்கிட்டா பாருங்க. சீ, கண்ணுல என்னமோ விழுந்துருச்சு. இந்த ஏசிக் காத்து.

சரிங்க. சொல்றேன். பொண்ணு நல்ல பொண்ணுதானுங்க. அதுல குத்தம் சொன்னா என்ற நாக்கு அழுகிப்போயிரும். சிரிச்ச மொகம். ஒண்ணுமில்லாத எடத்துலயும் ஒரு நோம்பி, திருநாளைக் கண்டுபுடிச்சிரும். அவ போற ஊடு வெளங்கும்.

உங்களுக்கும் அதுதான் புடிச்சிருக்குதுங்களா? நான் சொல்லச் சொல்ல மனசு குளுந்துருச்சா? அதானே பாத்தேன், சிரிச்சுக்கிட்டே இருந்தீங்களே. நல்லது. நான் என்னமோ தோலைச் சொன்னா மெரண்டுருவீங்கன்னு பாத்தேன். உங்களுக்கும் சிக்கனம்னா உசுராக்கும். சொல்லுங்க, உங்க ஊட்டு வழக்கத்தையும் கேட்டுக்கறேன். பெரியம்மான்னு சொல்லிப்போட்டாளே, நானும் நாலு வார்த்தை கேக்கோணுமில்ல?

ம். ம். பெரிய ஊடு. சரி. பொறந்த ஊட்டுப் பொறுப்பு பூரா உங்க கையில, ரெண்டு மருமக இருக்காங்க. சரி. பிரிட்ஜுக்குப் பூட்டா? எதுக்குங்க? மருமகளுங்க பாலை எடுத்துக் குடிச்சுருவாங்கன்னா? சாவி உங்க இடுப்புலயா? ம். எண்ணெயை நீங்கதான் அளந்து ஊத்துவீங்களா? பழம் வாங்கினா? பழம் ஆம்பளைங்களுக்கும் உங்களுக்குமா. அவளுங்களுக்கு?

நில்லுங்க. இப்ப என்ன சொன்னீங்க? திருப்பிச் சொல்லுங்க.

"மூத்த மருமக தெனமும் குளிக்க வெந்நி கேட்டா, அவளை அம்மா ஊட்டுக்கு அனுப்பிப்போட்டோம். இந்தப் பொண்ணுன்னா எங்களுக்குத் தொல்லையே இல்ல. எதுவும் கேக்கமாட்டா. தோலைப் போட்டாலும் சிரிச்சுக்கிட்டே தின்னுக்குவா. வேலைக்காரியையும் நிறுத்திக்கலாம்." இதுக்குத்தான் மனசு குளுந்துச்சா உங்களுக்கு? இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களா? பழத்தை நீங்க தின்னுப்போட்டுத் தோலை எங்க பொண்ணுக்குப் போடுவீங்களா?

அந்தப் பையன், மாப்பிள்ளை, அவன் ஒண்ணும் சொல்லமாட்டானா? வாயே தொறக்கமாட்டானா? நீங்க போடறதுதான் சட்டமா? நல்ல புள்ளை.

எனக்கு இத்தனை வருசம் அந்த ஊட்டைப் பாத்துக் கொமட்டுச்சுங்க. இப்ப உங்களைப் பாத்துத்தான் நெசமாவே கொமட்டுது. எச்சிக்கையில காக்கா ஓட்டாதவங்க நீங்க. நாயகி தோல்ல பொரிச்சாலும் முதல் வாயை மகளுக்கு ஊட்டிப்போட்டுத்தான் அவ தின்னுவா. அவீங்க மிச்சம் புடிக்கறது ஒண்ணா உக்காந்து திங்கறதுக்கு. நீங்க மிச்சம் புடிக்கறது பூட்டி வெக்கறதுக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சு வந்துட்டீங்களா? நானும் சொல்லத் தெரியாமச் சொல்லிப்போட்டேன். தோல், தோல்னு தோலையே சொல்லிட்டிருந்தேன்.

எங்கூட்டை இழுக்காதீங்க. எங்கூட்டுல எதுக்கும் பூட்டுக் கெடையாது. திங்கத்தான் ஆளில்ல.

போதுமுங்க. மேகலாவுக்குப் பெரியம்மா நான். பெரியம்மா முறையில சொல்றேன், நாங்க பொண்ணு குடுக்கறதா இல்லீங்க. ஆமா, நாங்கதான். சென்னியப்பனைக் கேக்க வேண்டியதில்ல. நாயகியைக் கேக்க வேண்டியதில்ல. என்னைக் கேக்கச் சொல்லி அனுப்புனா, நான் சொல்லிப்போட்டேன். எந்திரிங்க.

சொல்லுங்க, ஊரெல்லாம் சொல்லுங்க. தன்ற பையனுக்குத் தரலைன்னு ஆத்தரத்துல வந்த சம்பந்தத்தைக் கெடுத்துப்போட்டா எதிர் ஊட்டுக்காரின்னு சொல்லுங்க. நான் சத்தியம் பண்ணாலும் இந்த வீதியில ஒருத்தரும் நம்பமாட்டாங்க. அந்த ஆத்தரத்துலதானுங்க உங்ககிட்டப் பேச வந்து உக்காந்தேன், பொய்யில்ல. வீதி என்னமோ பேசிட்டுப் போகட்டும். நாயகியும் அப்பிடியே நெனைச்சுட்டா? தேடி வந்த பெரிய எடம்னு காலையிலயே தலைக்கு ஊத்தி நல்ல சீலை கட்டிட்டு நிக்கறாளுங்க அவ. அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது.

பாருங்க, நீங்க எறங்கறதுக்குள்ள படியை விட்டு எறங்கி வந்துட்டா. போங்க, அவகிட்ட நீங்க ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நான் சொல்லிக்கறேன். கதவைச் சாத்தாதீங்க. தொறந்தே கெடக்கட்டும்.